அந்தக் கல்லூரிக் கொலை நாவல் ஏன் ஏமாற்றியது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எல்லாரும் புகழ்ந்த ஒரு டார்க் அகாடமியா கொலை நாவலை வாங்கிப் படித்தேன். ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கல்லூரி, பனி, நூலகக் கோபுரம், கிரேக்கம் படிக்கும் ஆறு மாணவர்கள், செத்துக் கிடக்கும் பேராசிரியர். எனக்குப் பிடித்த எல்லாமே இருந்தும் புத்தகம் மனசில் ஒட்டவே இல்லை. தப்பு என்னிடமா, நாவலிடமா? இந்த வகையே இப்படித்தானா? எங்கள் வீட்டில் ஐயா (தாத்தா) ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அதை வைத்து நம் ஊரில் நடக்கிற மாதிரி நானே ஒன்று எழுதலாமா?"

தம்பி, தப்பு உங்களிடம் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் நானும் அதே நாவலைத்தான் படித்திருக்கிறேன். முதல் நூறு பக்கத்தை நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன். கடைசி நூறு பக்கத்தைக் கடமைக்குப் புரட்டினேன். நீங்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எழுதியவருக்கு அது முதல் நாவல். அடுத்ததை நன்றாகவே எழுதிவிடக்கூடும். ஆனால் கோளாறு எங்கே என்பதை விரிவாகப் பேசத்தான் வேண்டும். 28 வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். துப்பறியும் கதைகளை எட்டாம் வகுப்பிலிருந்து விடாமல் படிக்கிறேன். இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கதை சொதப்பினால் எனக்கு மனசு கேட்காது.

முதலில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இங்கே செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் சினிமா படப்பிடிப்பு நடந்தது. வளவில், அதாவது நடு முற்றமும் சுற்றி அறைகளும் இருக்கும் கட்டில், சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரியில் வந்த பித்தளை அண்டாக்களை முற்றத்தைச் சுற்றி வரிசையாக அடுக்கினார்கள். தூணுக்குத் தூண் லாந்தர் மாட்டினார்கள். அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பட்டாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு பையனைக் கூப்பிட்டு, "அண்டாவ எதுக்குப்பா முத்தத்துல வைக்கிறீக? அங்கன வத்தல்ல காயும்" என்றார். பையன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். படம் வந்தபோது போய்ப் பார்த்தேன். வீடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒருவர்கூட வாழ்ந்த மாதிரி தெரியவில்லை. இரண்டாம் கட்டு எதற்கு, அந்த அறைக் கதவு யாருடையது, எந்த வாசல் வழியாக யார் வருவார் என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சென்னை அடுக்குமாடியில் எடுத்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

அந்த நாவல் கல்லூரியை அப்படித்தான் வைத்திருக்கிறது. மெழுகுவத்தி, லத்தீன் வாசகம், கம்பளிக் கோட்டு, தோல் அட்டைப் புத்தகம், ஜன்னலுக்கு வெளியே பனி என்று எல்லாமே லாரியில் வந்து இறங்கிய சாமான்கள்.

இந்த வகையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பழைய கல்லூரி, செவ்விலக்கியப் படிப்பு, ஒரு சின்னக் கூட்டம், அதற்குள் முளைக்கும் குற்றம் என்று வரும் கதைகளை டார்க் அகாடமியா என்கிறார்கள். அந்தப் பெயர் 2010களின் நடுவில் டம்ப்ளர் தளத்தில் புழங்க ஆரம்பித்து, 2020இல் கொரோனாவால் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பரவியது. வீட்டில் அடைபட்ட பிள்ளைகள் நூலகத்துக்கும் வகுப்புக்கும் ஏங்கியதில் அது வளர்ந்தது. அந்த ஏக்கம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது முதலில் பரவியது படங்களாக; கதைகள் பிறகு வந்தன. அதனால்தான் இந்தப் பெயரில் வரும் பல நாவல்கள் படத்துக்குத் துணி உடுத்துவது போல எழுதப்பட்டிருக்கின்றன.

இப்போது என்னுடைய அளவுகோல். கல்லூரியில் நடக்கும் கொலைக்கதையில் படிப்பு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். அந்தப் படிப்பால் கொலை விளைய வேண்டும், அல்லது அந்தப் படிப்பு இருந்தால்தான் கொலையாளியைப் பிடிக்க முடியும் என்று இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. சோதித்துப் பார்ப்பது எளிது. கிரேக்கத் துறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிமெண்ட் கிடங்கை வையுங்கள். பேராசிரியர் கிடங்கு முதலாளி, மாணவர்கள் கணக்குப்பிள்ளைகள். கதை அப்படியே நடக்கிறதா? நடந்தால் கல்லூரி வெறும் சுவரோவியம். நீங்கள் படித்ததில் என்ன நடக்கிறது? பேராசிரியருக்கும் ஒரு மாணவியின் அம்மாவுக்கும் பழைய தொடர்பு. அது வெளியே வந்துவிடும் என்ற பயம். தேநீரில் செடி விஷம். இதில் கிரேக்கம் எங்கே இருக்கிறது? இறந்தவர் கையில் ஒரு கிரேக்க ஏட்டின் கிழிந்த பக்கம் இருந்தது. நாமும் 300 பக்கம் அதற்காகக் காத்திருந்தோம். கடைசியில் அது தற்செயலாகக் கிழிந்தது என்றார்கள். அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நல்லவை எப்படிச் செய்திருக்கின்றன என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். முடிவுகளைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 1992இல் வந்த டோனா டார்டின் தி சீக்ரெட் ஹிஸ்டரியை இந்த வகைக்கே தாய் என்று சொல்லலாம். யார் செத்தார், யார் கொன்றார் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது. பிறகும் ஏன் கீழே வைக்க முடியவில்லை? கிரேக்கம் படிக்கும் மாணவர்கள் மதுவின் கடவுளான டயனீசஸுக்குரிய பழைய சடங்கைத் தாங்களே செய்து பார்க்கத் துணிகிறார்கள். அந்த வெறியில் சம்பந்தமில்லாத ஒரு விவசாயி சாகிறார். அதை மறைக்கப் போய்த்தான் நண்பனைக் கொல்கிறார்கள். கிரேக்கப் படிப்பு இல்லையென்றால் அந்தச் சாவு இல்லை. 1935இல் வந்த டோரத்தி சேயர்ஸின் காடி நைட் ஆக்ஸ்போர்டில் ஒரு கற்பனைப் பெண்கள் கல்லூரியில் நடக்கிறது. அதில் கொலையே கிடையாது. வன்மம் தோய்ந்த மொட்டைக் கடிதங்கள்தான் வருகின்றன. தன் ஆய்வுக்கு எதிரான சான்றை மறைத்த ஒரு ஆளை ஒரு அறிஞர் அம்மையார் வெளிப்படுத்திவிடுகிறார். அவன் வேலை போய், குடித்து, தற்கொலை செய்துகொள்கிறான். அவன் மனைவி பழிவாங்க வருகிறாள். ஆய்வில் நேர்மை பெரிதா, ஒரு குடும்பத்தின் சோறு பெரிதா என்ற கேள்வியே குற்றத்தின் காரணம். உம்பர்த்தோ எக்கோ 1980இல் எழுதிய தி நேம் ஆஃப் த ரோஸ் நாவலில் நடப்பது 1327இல், ஒரு மடத்து நூலகத்தில். நகைச்சுவை பற்றி அரிஸ்டாட்டில் எழுதித் தொலைந்துபோனதாகச் சொல்லப்படும் நூலின் பக்கங்களில் விஷம். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவன் சாகிறான். படிக்கிற செயலே கொலைக் கருவி ஆகிவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது. இந்த மூன்றில் எதையும் சிமெண்ட் கிடங்குக்கு மாற்ற முடியாது.

சரி, நீங்கள் படித்த நாவலுக்கே திரும்பி வருவோம். அதில் வரும் நூலகம் என்னை ரொம்பவே வருத்தியது. அறுநூறு வருடத்து ஏட்டைத் திறந்த அலமாரியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே மெழுகுவத்தி ஏற்றிப் படிக்கிறார்கள். எந்த நூலகர் விடுவார்? நெருப்பு நூலகத்துக்கு எமன். பிறகு எல்லாரும் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். சினிமாவில் பார்த்திருப்பார்கள். பழைய காகிதத்தைக் கழுவித் துடைத்த வெறும் கையால் தொடுவதுதான் முறை. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழிந்துவிடும். ஓலைச்சுவடி என்றால் புல்தைலம் தடவுவோம், பூச்சிக்கு வசம்பு வைப்போம். அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வாசனையை ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நான் அந்த நூலகத்தை நம்பியிருப்பேன். இது சில்லறைக் குறை இல்லை தம்பி. புத்தகத்தை எப்படித் தொடுவது என்று தெரியாத ஆறு பேரை மேதைகள் என்று எப்படி நம்புவது?

மேதைகள் என்ற சொல் அந்த நாவலில் எத்தனை முறை வருகிறது பார்த்தீர்களா? பேராசிரியர் பேசினால் மாணவர்கள் மயங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. அவர் என்ன பேசினார் என்று ஒரு இடத்திலும் இல்லை. வகுப்பு மொத்தமே இரண்டு பக்கம். ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. படிப்பில் வெறி என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்த ஏமாற்றம்.

நான் வேலை பார்த்த நூலகத்தில் இரண்டு தமிழ்ப் பேராசிரியர்கள் வாசிப்புக் கூடத்தின் இரண்டு கோடியில் உட்காருவார்கள். பதினோரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சொத்துத் தகராறு இல்லை, பதவிப் போட்டியும் இல்லை. கம்பனின் அயோத்தியா காண்டத்தில் ஒரு பாட்டு, அதில் ஒரு சொல்லில் வருவது எகரமா ஏகாரமா என்பதில் வந்த சண்டை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது, ரகரத்தையும் துணைக்காலையும் (ா) ஒரே மாதிரிதான் போடுவார்கள். படிக்கிறவர் பிரித்துச் சொல்வதுதான் பாடம். இங்கே காரைக்குடியில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து பங்குனி தோறும் விழா நடக்கிறது, நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைகிறது. இவர்கள் இருவரும் அங்கேயும் ஆளுக்கொரு கோடியில்தான் உட்காருவார்கள். நூலகத்தில் ஒருவருக்கு வேண்டிய பதிப்பு மற்றவர் மேசையில் இருந்தால் என்னைக் கூப்பிட்டு, "பாத்து முடிச்சாச்சான்னு கேளுங்க" என்பார். பத்தடி தூரம்தான். நான் போய்க் கேட்டு வாங்கி வந்து கொடுப்பேன்.

மூத்தவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, அவர் வீட்டிலிருந்த நூலகப் புத்தகங்களை மகன் கொண்டுவந்து ஒப்படைத்தார். அன்று சாயங்காலமே இளையவர் வந்துவிட்டார். மூத்தவர் வருடக்கணக்கில் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்த அயோத்தியா காண்டத்தைக் கேட்டார். மேசைக்குப் போகாமல் என் முன்னால் நின்றபடியே அந்தப் பாட்டைப் புரட்டினார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் "இதுவும் பொருந்தும்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே தேதி. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

இதில் கொலை இல்லை. ஆனால் ஒரு எழுத்துக்காகப் பதினோரு வருடம் பேசாமல் இருக்க முடிந்த இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கொலைகாரர் என்று நாவலாசிரியர் சொன்னால் நான் நம்புவேன். அந்த ஸ்காட்லாந்து நாவலில் ஒருவருக்கும் தன் பாடத்தின் மேல் இந்தப் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாத இடத்தில் எதற்குக் கொலை?

துப்பறியும் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் பேச அதிகம் இல்லை. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். சில விதிகள் இன்று பழசாகிவிட்டன. இரண்டு பழசாகாது: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும், துப்பறிகிறவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும். இந்த நாவலில் கடைசி முப்பது பக்கத்தில் ஒரு டைரி கிடைக்கிறது, அதில் எல்லாம் எழுதியிருக்கிறது. பிறகு கொலையாளி மூச்சு விடாமல் தானே ஒப்புக்கொள்கிறார். நாம் யோசிக்க ஒன்றுமே மிச்சமில்லை. இத்தனைக்கும் நூலகத்தில் நடக்கும் கதை. யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார் என்ற பதிவேடு ஒன்று போதுமே! நூலகத்துக்கு வரும் புத்தகங்களை வரிசையாகப் பதியும் அக்செஷன் ரிஜிஸ்டரில் ஒரு எண்ணை ஒரு புத்தகத்துக்குத்தான் கொடுப்போம். புத்தகம் தொலைந்தால் அந்த வரியில் குறிப்பு எழுதுவோமே தவிர, எண்ணை இன்னொன்றுக்குத் தர மாட்டோம். ஒரே எண் இரண்டு புத்தகத்தில் இருந்தால் ஒன்று திருட்டு அல்லது போலி. இப்படி ஒரு தடயம் அந்தக் கோபுரத்தில் கையெட்டும் தூரத்தில் கிடந்தும் எழுதியவர் எடுக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வகைக் கதைகளின் உயிர் அழகான கட்டடத்தில் இல்லை. உள்ளே இடம் கிடைக்காதா என்று வெளியே நின்று ஏங்குகிற ஆளிடம் இருக்கிறது. தி சீக்ரெட் ஹிஸ்டரியில் கதை சொல்கிறவன் தன் குடும்பத்தைப் பற்றியே பொய் சொல்லித்தான் அந்தக் கூட்டத்தில் சேர்கிறான். நீங்கள் படித்த நாவலின் நாயகியும் ஏழை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் ஒருமுறையாவது பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்தாளா? நம் ஊரில் படிப்பு எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். பெண்கள் படிக்கத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். அந்தக் கல்லூரிகளுக்கு டவுன் பஸ்ஸில் வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளை நான் நூலக வாசலில் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வரலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் இருக்கிற ஏக்கம் அந்த நானூறு பக்கத்தில் இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எழுதலாம் தம்பி, கட்டாயம் எழுதலாம். துப்பறியும் கதைக்கு நம் மண் புதிதும் இல்லை. சங்கர்லாலைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த தமிழ்வாணன் 1926இல் உங்கள் தேவகோட்டையில் பிறந்தவர்தான். பழைய நூலகம் ஸ்காட்லாந்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா 1950இலிருந்து சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் அவர் வீட்டில்தான் இருந்தன. அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. தனி ஆள் ஒருவர், ஒரு கிராமத்து வீட்டில், அறை அறையாகப் புத்தகம். அதை நினைத்தாலே எனக்கு ஒரு நாவல் கண்ணில் தெரிகிறது.

ஆனால் வீட்டை லாரிச் சாமானாக ஆக்கிவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முட்டைப் பூச்சு என்று வர்ணித்துக்கொண்டே போவதில் பயனில்லை. வீட்டின் அமைப்பு கதைக்கு வேலை செய்ய வேண்டும். நம் வீட்டில் முகப்பு வாசலிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் உள்ளே நிமிர்ந்து பார்த்தால் வளவைக் குறுக்கே கடக்கிற ஆள் தெரிவார். பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், தன் அறை, தன் பூட்டு, தன் சாவி. கல்யாணமானதும் தனிச் சமையலாக வேறு வைத்துவிடுவதால் ஒரே கூரையின் கீழ் எத்தனை புள்ளியோ அத்தனை அடுப்பு. 1950களில் நடக்கிற கதையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர் மட்டும் சாகிறார் என்றால், அந்த அடுப்புப் பக்கம் யார் போனது, யார் கண்ணில் படாமல் எப்படிப் போனது? இது நம் வீட்டில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி.

படிப்பும் வேலை செய்ய வேண்டும் என்றேன் அல்லவா? அதற்கு உங்கள் பெட்டியே போதும். இன்று நடக்கிற கதை ஒன்றைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண். ஐயாவின் ரங்கூன் கடிதங்களைப் படித்துப் பெயர்த்து எழுதுவது அவள் ஆய்வு. பழைய கையெழுத்தில் னை, லை, ணை, ளை எல்லாம் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்து இருக்கும். றா, னா, ணா வேறு மாதிரி சுழியும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு மாற்றியதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது பழக்கமில்லை. அவளும் முதலில் தடுமாறுகிறாள். எழுத்துகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். வாசகர் இதை அவளுடைய கஷ்டம் என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

நடுவில் வீட்டுப் பங்கில் தகராறு வருகிறது. பங்காளி ஒருவர், 1941 நவம்பரில் ஐயா எழுதியது என்று ஒரு கடிதத்தைக் கொண்டுவருகிறார். வீட்டில் ஒரு பகுதியை அவர்களுக்கு விட்டுக்கொடுத்ததாக அதில் இருக்கிறது. அந்த டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் ஊரே விழுந்துவிட்டது. கடைக் கணக்கு, பேரேடு எல்லாம் போனது போனதுதான், சரிபார்க்க எதுவும் இல்லை. பங்காளிகள் எல்லாரும் பட்டாலையில் கூடியிருக்கும்போது, பழைய கையெழுத்து உனக்குத்தானே பழக்கம், நீயே படி என்று அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறார்கள். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தங்குதடையில்லாமல் படிக்கிறாள். எல்லாரும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதையே கவனிக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து, அந்தக் கடிதத்தில் ஏதோ இருக்கிறது என்று அம்மானிடம் சொன்ன ஒருவர் இறந்துகிடக்கிறார்.

அவளுக்கு உறைப்பது கடைசியில்தான்: எல்லாக் கடிதத்தையும் துண்டுத் தாளைப் பார்த்துப் பார்த்துப் படித்த நான், அன்று ஏன் தடுமாறவே இல்லை? அந்தக் கடிதத்தில் தும்பிக்கை இல்லை. எழுதியவன் 1978க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவன். தடயம் வாசகரின் கண் முன்னால்தான் இருந்தது, டைரி எதுவும் கிடைக்கத் தேவையில்லை. குழப்பத்துக்கு ஒரு வழியும் வைக்கலாம். பெரியார் 1935இலேயே குடிஅரசில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஐயாவுக்கு ரங்கூனில் சுயமரியாதை இயக்கச் சகவாசம் இருந்ததா என்று யாராவது கேட்கட்டும். அதற்கு அவள் ஐயாவின் மற்ற நவம்பர்க் கடிதங்களை எடுத்துப் பார்க்க வேண்டும், அவற்றிலோ தும்பிக்கை இருக்கும். இன்னும் பழைய காலத்துக்குப் போக ஆசை என்றால் ஓலைச்சுவடி இருக்கிறது. ஏகாரத்தைப் பிரித்துக் காட்டும் இரட்டைக் கொம்பு வீரமாமுனிவரால் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. 1650இல் எழுதியது என்று ஒருவர் நீட்டும் சுவடியில் இரட்டைக் கொம்பு இருந்தால், அங்கேயே கதை ஆரம்பமாகிவிடும்.

எழுதுவதற்கு முன்னால் பெட்டியைத் திறப்பீர்கள் இல்லையா, அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மழை நாளில் திறக்காதீர்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. லாமினேஷன் பக்கமே போகாதீர்கள். மடிப்பு விரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இஸ்திரிப் பெட்டி வைக்க வேண்டாம். கடிதங்கள் கட்டுக்கட்டாகத்தான் இருக்கும். கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடிதம் மேலே இருந்தது, எது அடியில் இருந்தது என்று வரிசையாக ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதிப்படி அடுக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். யார் அதைக் கடைசியாகக் கட்டினார்களோ அவர்கள் அடுக்கிய வரிசை அது. எதை அடிக்கடி எடுத்துப் படித்தார்கள், எதைத் திரும்பத் தொடவே இல்லை என்பது அதில்தான் தெரியும். சணலைக் கத்தரிக்காதீர்கள். முடிச்சைப் பொறுமையாக நகத்தால் நெகிழ்த்துங்கள். அந்த முடிச்சு பெரும்பாலும் உங்கள் அப்பத்தா போட்டதாகத்தான் இருக்கும்.